கூட்ட நாளில் எங்கள் மெம்பர்

மாட்டுங்கா காபி கிளப்பில் எங்கள் மெம்பர் தனியாக உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த அந்த மத்தியானம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காய் வாங்க வந்த நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. அன்று அதே நேரத்தில் மாநகராட்சிக் கூட்டம். தாராவியில் எங்கள் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டுப் பேசப்போவதாகக் காலையில்தான் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். நாங்கள் தோல்கிடங்குவரை நடந்துபோய்க் குடம் நிரப்பிக்கொண்டிருந்த காலம். அந்தச் சகதியில் ஒரு பிள்ளைத்தாச்சி வழுக்கி விழுந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சாயங்காலம் மெம்பரை வழியில் பார்த்துக் கேட்டேன். "பேசிட்டுதான் வாரேன் தாயி. இழுத்தடிக்கானுவ" என்றார். ஜிப்பாவில் சாம்பார்த் துளி காய்ந்திருந்தது.

எதிர்வீட்டு மைனியிடம் சொன்னேன். மைனி கடையநல்லூர்க்காரி, யாரையும் லேசில் நம்பமாட்டாள். "எவங்கிட்டயோ வாங்கிட்டாரு" என்றாள் உடனே. அவளுடைய தம்பி மாநகராட்சியில் பியூன். அவனைக் கேட்டபோது எங்கள் சந்தேகம் இன்னும் வலுத்தது. அனுமதி இல்லாமல் தொடர்ந்து சில மாதம் கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போய்விடுமாம். அந்தக் கெடு முடிவதற்குள் மெம்பர் ஒருநாள் வந்து கையெழுத்துப் போடுவார், டீ வருவதற்குள் கிளம்பிவிடுவார். பதவி வேண்டும், கூட்டம் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்?

கெடு நெருங்கியிருந்ததால் அடுத்த கூட்டத்துக்கு நாங்களும் மாநகராட்சிக் கட்டடம் இருக்கும் போரிபந்தருக்கு ரயில் ஏறினோம். மைனியின் தம்பி எங்களைப் பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்தான். மெம்பர் வந்தார், கையெழுத்துப் போட்டார், கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மெல்ல எழுந்தார். நாங்கள் படியிறங்கி ஓடி வாசலில் மறித்துக்கொண்டோம். எங்களைக் கண்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"எவங்கிட்டயும் சல்லிக்காசு வாங்கல தாயி. உள்ள மராட்டியும் இங்கிலீசும்தான் ஓடுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒருதடவ எந்திரிச்சேன், சிரிச்சிட்டானுவ."

எனக்கு மனம் இளகிவிட்டது. மைனி இளகவில்லை. "ஓட்டுக் கேக்க வந்தப்பம் இந்தியில நல்லாத்தான பேசுனிய, அண்ணாச்சி? அதையே உள்ள போய்ப் பேசுங்க. நாங்க மேல இருக்கோம்."

அவர் திரும்ப உள்ளே போனார். எங்கள் பகுதியின் முறை வந்ததும் எழுந்து, "பானி நை ஹை, சாப்" என்றார். யாரோ சிரித்தார்கள். மாடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லை என்ற அதே வார்த்தைகளை இன்னும் உரக்கச் சொன்னார். இந்தமுறை சிரிப்பு எழவில்லை.

மழைக்கு முன்பே குழாய் வந்துவிட்டது. ஆனால் வந்த இடம் மெம்பருடைய மளிகைக்கடை வாசல். தண்ணீருக்கு நின்றவர்கள் அப்படியே உப்பும் சோப்பும் வாங்கிப் போனார்கள். பாஷை தெரியாத கூச்சத்தால்தான் ஒதுங்கியிருந்தாரா, இடம் தோதாக அமையட்டும் என்று காத்திருந்தாரா? இன்று நான் குடியிருக்கும் வாஷியில் என் அடுக்களையிலேயே தண்ணீர் கொட்டுகிறது. இங்கே கவுன்சிலரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர் கூட்டத்துக்குப் போகிறாரா என்று கேட்க எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. பழைய மெம்பர் மீதுள்ள சந்தேகம் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்று அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "இப்பமாவது நம்புதியளா?" என்று கேட்டார்.

மைனி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அடுத்த கூட்டம் என்னைக்கு, அண்ணாச்சி?"