கருமணலும் ஒரு லகரமும்

சற்குணம் தன் புது மெட்டல் டிடெக்டரைப் பீஹா கடற்கரையில் முதல்தடவை முடுக்கியபோது அது போட்ட சத்தத்தில், டாஸ்மன் கடலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவில் ஒரு கங்காரு காதைப் பொத்திக்கொண்டது. நம்பமாட்டீர்கள். சரி, கங்காருவை விட்டுவிடுகிறேன். ஒரு வெள்ளைக்காரரின் நாய் மணலைக் கிளப்பிக்கொண்டு ஓடியது; அது உண்மை. நாய்க்குப் பின்னால் அவரும் ஓடினார். அது பாதி உண்மை.

சற்குணம் ஒக்லண்டின் நியூ லின்னில் எங்கள் தெருவிலேயே தம்பி தியாகலிங்கத்தின் வீட்டில் இருக்கிறாள். நாற்பத்துநாலு வயது, பிள்ளைகள் இல்லை. மழைச்சட்டை தைக்கும் தொழிற்சாலையில் சட்டைகளுக்குக் கை பொருத்துவது அவள் வேலை. கணவர் இராசரத்தினம் யாழ்ப்பாணத்தில். படுக்கையில் கிடக்கும் தாயைத் தனியே விட்டுவர மனமில்லாமல், "நீ முதல் போ, நான் பின்னால வாறன்" என்று எண்பத்தைந்தில் இவளை மட்டும் விமானம் ஏற்றியவர். அந்தப் 'பின்னால'வுக்கு எத்தனை முழம் என்று இவள் இரண்டரை வருடமாக அளந்துகொண்டிருக்கிறாள்.

இந்த வருடம், அதாவது எண்பத்தேழில், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனம் எல்லாம் பீஹாவுக்குப் போனோம். போகிற வழியிலேயே சற்குணத்தின் தாலிக்கொடிக் கொக்கி இளகிவிட்டது. இந்த ஊரில் கைப்பை உண்டு, காரில் பூட்டுகிற பெட்டி உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அவை எதிலும் நம்பிக்கை கிடையாது. கொடியைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஓர் அலை வந்து சேலையை முழங்கால்வரை நனைத்தது. பீஹாவின் மணல் கறுப்பு. நனைந்தால் கறுப்புச் சாந்துபோல் ஒட்டும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் தலைப்பை அவிழ்த்து, மணல் போக நாலு உதறு உதறினாள். வாழ்நாளெல்லாம் செய்த வேலை என்பதால் கை தானாகச் செய்தது. மனம் பக்கத்தில் இருக்கவில்லை. பாதி வழியில்தான் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.

என்னிடம் மட்டும் சொன்னாள். தம்பி மனைவி ரதிதேவியிடம் சொன்னால் அது டெலிபோனில் ஏறிவிடும். கோடையில் கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை, பிறகு கழுத்து மூடிய சுவெட்டர். ஒக்லண்டின் குளிர் அவளுக்குச் செய்த ஒரே உதவி அது.

சித்திரையிலிருந்து கடிதமும் நின்றுபோனது. அங்கே சண்டை, தபால் வரவில்லை. இரண்டு கிழமைக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்த நீலக் கடிதம் வராமல் போனதும், அவளுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. கொடி அகப்பட்டால் மனிதரும் அகப்படுவார்.

"உதென்ன கணக்கு பிள்ளை?" என்று கேட்டேன்.

"கணக்கில்லை அக்கா. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும், சொல்லுங்கோ."

எனக்கும் தெரியவில்லை. ஞாயிறுதோறும் அவளோடு போகத் தொடங்கினேன்.

எங்களைக் கூட்டிப்போகிறவர் ராஜூ. மலேசியத் தமிழர், எல்லர்ஸ்லியில் ஏதோ அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பீஹாப் பாறையில் தூண்டில் போடாவிட்டால் அவருக்குத் திங்கட்கிழமை விடியாது. அவரிடம் ஒரு பழைய டிடெக்டர் இருந்தது. சாதுவான மெசின். எதற்கும் வாய் திறக்காது. இரண்டு மாதத்தில் ஒரே ஒரு கரண்டிக்கு முனகியது, அதுவும் கரண்டி மணலுக்கு வெளியே தெரிந்த பிறகு. ஆகவேதான் ஆனி மாதம் சற்குணம் புதியது வாங்கினாள்.

அது எதற்கும் கத்தியது. மணலுக்கு மேலே பிடித்தால் கத்தும். அவள் கால் வைத்தால் கத்தும். நான் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினால் எனக்கும் ஊற்றென்று கத்தும்.

"மண்ணே இரும்புதான் அக்கா இங்க," என்றார் ராஜூ. "மேக்னெட் வச்சா மீசை மாதிரி ஒட்டும் பாருங்க. அதான் சும்மா கத்துது லா. நீங்க கண்டுக்காதீங்க."

"கண்டுக்காமல் விடுறதுக்கோ தம்பி நான் வாங்கினனான்?"

"அப்படி இல்லக்கா. ஒரு பக்கம் வீசும்போது மட்டும் கத்தினா விட்டுடுங்க. போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி கத்தினாத்தான் தோண்டணும்."

கேட்டாளா? முதல் மூன்று ஞாயிறு கத்திய இடமெல்லாம் தோண்டினாள். சேலைக்குக் கீழே ரப்பர் கம்பூட்ஸ், சேலைக்கு மேலே சுவெட்டர், காதில் ஹெட்ஃபோன், கையில் தோட்டத்து மண்வெட்டி. கடற்கரை கோழி கிளறிய குப்பைமேடாயிற்று. அலைச்சறுக்குப் பலகையோடு வந்த பையன்கள் குழிகளில் இடறி விழுந்து, எழுந்து, இவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அகப்பட்டதெல்லாம் போத்தல் மூடி, ஆணி, தூண்டில் ஈயம். இராத்திரி படுத்தாலும் காதுக்குள் மெசின் கத்துகிறது என்றாள்.

நாலாவது ஞாயிறு ஏதோ நடந்தது. அவள் தோண்டுவதை நிறுத்தி, மெசினைச் சும்மா பிடித்தபடி அரைமணி நேரம் நின்றாள். பிறகு குமிழ் ஒன்றைக் கொஞ்சம் திருகிக் குறைத்துவிட்டு மெதுவாக நடந்தாள்.

"எங்கட தொழிற்சாலையில நாப்பது மெசின் அக்கா," என்றாள் என்னிடம் வந்து. "முதல் கிழமை எனக்குத் தலை வெடிச்சது. இப்ப பக்கத்து மெசின்காரியின்ர ஊசி மழுங்கினால் அவளுக்கு முதல் எனக்குத் தெரியும். இதையும் நான் மெசின் எண்டு நினைக்காமல் பேய் எண்டெல்லோ நினைச்சுப் பயந்தனான்."

அதன்பிறகு அவள் காது திருந்தியது. இது மூடி, கரகரக்கும். இது ஆணி, பாதியில் முறியும். பவுண் எப்படிச் சொல்லும் என்று தெரியவேண்டுமே? என் காப்பைக் கழற்றி வாங்கி ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே வீசிப் பார்த்தாள். ஹெட்ஃபோனைக் கையால் அழுத்திக்கொண்டு வெகுநேரம் கேட்டாள்.

"என்ன சொல்லுது?"

"மெல்லிசா... கீழ் மூச்சில. அவர் பேப்பரை விட்டுக் கண்ணெடுக்காமல் ஓம் சொல்லுவாரே, அப்பிடி."

அதைச் சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதில் புதைத்த இடத்தை மறந்துவிட்டாள். என் காப்பைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. ராஜூ இருபது நிமிடம் என்பார். அவருக்கு அன்று மீன் அகப்பட்டதால் நேரம் போனது தெரியவில்லை.

ஆவணியில் பீஹாக் காற்று அவளைக் காய்ச்சலில் போட்டது. மூன்றாம் நாள், அவள் அசந்து தூங்கும்போது, ரதிதேவி பாசத்தோடு நெஞ்சுக்கு விக்ஸ் பூசலாம் என்று சுவெட்டரின் கழுத்தை இறக்கினாள். கழுத்தில் கொடி இல்லை. முகம் கழுவிப் படுத்ததால் நெற்றியில் பொட்டும் இல்லை. நாலு மாதமாகக் கடிதமும் இல்லை.

வேறு ஊர்ப் பெண்ணென்றால் எழுப்பிக் கேட்டிருப்பாள். எங்கள் ஆட்கள் இதைக் கேட்கமாட்டார்கள். கேட்பது பாவம். செய்தி வந்திருக்கிறது, மச்சாள் கழற்றிவிட்டாள், எங்களைக் கலங்கவைக்காமல் தனக்குள் வைத்திருக்கிறாள் என்று ரதிதேவி தானே முடிவுகட்டி, குசினிக்குள் போய் அழுதாள். தியாகலிங்கத்துக்குச் சொன்னாள். தியாகலிங்கம் மனுரேவாவில் இருக்கும் வசந்தமலருக்குச் சொன்னான். வசந்தமலருக்குச் சொல்வது கோயில் மணியை அடிப்பதற்குச் சமம்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டதென்று நானும் சற்குணமும் பீஹாவுக்குப் போய் மாலையில் திரும்பினோம். வாசலில் முப்பது சோடிச் செருப்பு. உள்ளே ஆண்கள் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பூட்ஸோடும் மெசினோடும் நிலைப்படியில் நின்ற சற்குணத்தை வசந்தமலர் ஓடிவந்து கட்டிப்பிடித்து ஓலம் வைத்தாள்.

சற்குணம் திகைத்துப்போய், "ஆர் செத்தது?" என்று கேட்டாள்.

"மச்சாள், ஏன் எங்களுக்கு மறைச்சனீங்கள்?" என்று ரதிதேவி விம்மினாள். அப்போதுதான் எனக்கே விளங்கியது. கொடியைத் தான் கழற்றவில்லை, அது கடற்கரையில் தொலைந்தது என்று சற்குணம் அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லவேண்டி வந்தது. சொல்லி முடிக்க வடைத்தட்டோடு நின்றவர்கள் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தார்கள்.

"தொலைஞ்சதும் ஒரு குறி மாதிரித்தானே பிள்ளை," என்றாள் வசந்தமலர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

சற்குணம் மெசினைச் சுவரோடு சாத்திவிட்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஏழு மாதமாக அவள் தனக்குத்தானே சொல்லாமல் வைத்திருந்ததை இன்னொரு வாய் சொல்லிவிட்டது. அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் கடற்கரைக்கு வரவில்லை. ராஜூ வாசலில் ஹோர்ன் அடித்துவிட்டுத் தனியே போனார்.

ஆனால் வசந்தமலர் அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே கொழும்பிலிருக்கும் தன் தமையனுக்கு டெலிபோன் எடுத்து, எங்கள் துக்கத்தை இராசரத்தினத்தின் தாய்க்கிழவிக்குச் சொல்லியனுப்பச் சொல்லியிருந்தாள். சண்டை நின்று பாதை திறந்த நேரம். தமையன் யாழ்ப்பாணம் போகும் ஒருவரிடம் சொல்லிவிட்டார். அந்த மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படலையைத் தட்ட, திறந்தவர் இராசரத்தினம். நாலு மாதம் எந்தக் கடிதமும் கடக்காத தூரத்தைப் பொய்ச் சாவு பத்து நாளில் கடந்துவிட்டது. நானும் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்காவது இந்தக் கால் இருந்ததில்லை.

மனிதர் தாயைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்து, தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல டெலிபோன் எடுத்தார். மூன்று நிமிடம். நான் அந்த நேரம் பட்டணத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். வீட்டிலிருந்த மூன்று பேரும் சொன்னதைச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

லைன் முழுக்க இரைச்சல். தியாகலிங்கம் இரண்டுதரம் "கேக்கேல்லை, கேக்கேல்லை" என்று கத்திவிட்டு, தவறான நம்பர் என்று வைக்கப் போனான். சற்குணம் பறித்துக் காதில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு இரைச்சலுக்குள் கேட்டாள். பிறகு முகம் மாறியது.

"எனக்குச் செத்தவீடு செய்தனீங்களாம்," என்றாராம் அவர். "வடை நல்லா இருந்ததோ?"

"நான் தின்னேல்லை."

"ஏன்?"

"பசிக்கேல்லை." அதோடு அழுகை வந்துவிட்டது. அழுகைக்குள்ளேயே கொடி தொலைந்ததைச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதை மட்டும் அவள் சொல்லமாட்டாள். பிறகு விசாக் கடுதாசி கொடுத்தாயிற்று என்றார். தாயை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை என்றார்.

"பொங்கலுக்கு வந்திடுவியளோ?" என்று கேட்டாள்.

ரிசீவரில் ஒரு பக்கம் தியாகலிங்கத்தின் காது, மறுபக்கம் ரதிதேவியின் காது. பதில் வந்தது, லைன் அறுந்தது.

"தை இல்லை எண்டார்," என்றான் தியாகலிங்கம், தலையைக் குனிந்துகொண்டு.

"இல்லை, தையிலை எண்டார்," என்றாள் சற்குணம்.

"தை, இல்லை. ரெண்டு லகரம் கேட்டது அக்கா."

"ஒண்டுதான் கேட்டது. தையிலை. வாறன் எண்டு சொல்ல முதல் அறுந்துபோச்சு."

ரதிதேவிக்கு இரைச்சல் மட்டும் கேட்டதாம். விக்ஸ் விஷயத்துக்குப் பிறகு அவள் எதையும் நிச்சயமாகச் சொல்வதில்லை. திருப்பி எடுக்கக் கொழும்பில் அவர் எந்தக் கடையிலிருந்து கதைத்தார் என்று தெரியாது. ஒரு எழுத்து. ஒற்றை லகரம் என்றால் தை மாதத்தில், இன்னும் மூன்று மாதத்தில் மனிதர். இரட்டை லகரம் என்றால், எப்போது என்று அந்தக் கிழவியின் மூச்சைக் கேட்டால்தான் தெரியும்.

இதை எழுதும்போது புரட்டாசி. கொடி அகப்படவில்லை. கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிறு ராஜூ ஹோர்ன் அடித்ததும் சற்குணம் மெசினோடு வெளியே வந்துவிட்டாள். கடற்கரையில் மெதுவாக, சத்தத்துக்கு முகம் சுளிக்காமல் நடந்தாள். நான் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஊற்றினேன். திடீரென்று ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அண்டைக்கு அவர் சொன்னது, உங்களுக்கு என்ன கேட்டது?"

நான் அன்றைக்கு ரயிலில் இருந்தேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஸ்டேஷன் வாசலுக்கு ஓடிவந்து செய்தி சொன்னவளே அவள்தான்.

"ஒரு லகரம்," என்றேன்.

"வடிவாக் கேட்டதோ?"

"வடிவாக் கேட்டது, பிள்ளை."

தலையை ஆட்டிவிட்டு ஹெட்ஃபோனைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டாள்.