முதுகு வளைந்த குஞ்சுகள்

ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில், மீன் ஆய்வகத்துத் தொட்டிகளைக் கழுவும் வேலைக்கு நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தோம். நான் ஆறாவதோடு நின்றவள். மற்றவள் பக்கத்துத் தெரு, என்னைவிடப் பத்து வயது சின்னவள், பன்னிரண்டாவது பாஸ். அவளைப் பிடிக்காமல் போக அதுவே போதுமாக இருந்தது.

ஆராய்ச்சி செய்யும் மேடம் முதல் நாளே சொன்னார். விண்வெளிக்குப் போகிறவர்கள்மேல் ஒரு கதிர்வீச்சு படுமாம். அது மாதிரி ஒன்றை ஆண் மீன்களுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். அவற்றின் பிள்ளைக்கும் பேரனுக்கும் என்ன வருகிறது என்று பார்க்கவேண்டும். எனக்கு ஆயிரம் சந்தேகம். அவள் சிரிப்பாளோ என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

பேரக்குஞ்சுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் அவள் தொட்டியில் முதுகு வளைந்த குஞ்சு ஒன்று.

"சூப்பர்மா! எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று மேடம் அவளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார்.

கோணல் மீனுக்கா இந்தப் பாராட்டு? எனக்கு வயிறு எரிந்தது. என் தொட்டியில் ஒரு கோணல்கூடக் கிடையாது. நான்தான் விடவில்லையே!

தறியிலிருந்து சேலை இறங்கியதும், கடைக்குப் போகுமுன் பிசிறையும் முடிச்சையும் நறுக்கி எடுப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. குறை தெரிந்தால் சேலை திரும்பி வரும். அந்தப் பழக்கத்தில், மேடம் வருமுன் வளைந்த குஞ்சுகளை டிராப்பரால் உறிஞ்சிச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் சாவது சகஜம் என்பதால் குறைந்ததை யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் மேடம் முகம் மாறியது. அவளைக் கூப்பிட்டார். "ரெண்டும் ஒரே கூட்டம்மா. கதிர்வீச்சாலன்னா ரெண்டு பக்கமும் வரணும். உன் தொட்டியில மட்டும் வருதுன்னா, நீ தண்ணி மாத்துறதுலதான் ஏதோ தப்பு."

பொய் சொல்வானேன், அன்று மத்தியானம் சோறு ருசியாக இறங்கியது.

சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "சொன்ன மாதிரிதான் மாத்திக்கினு இருக்கேன்கா. நிறுத்திடுவாங்களாக்கா?"

அவள் போய்விட்டால் அந்த மைக்ராஸ்கோப் நாற்காலி எனக்கு வருமா என்று யோசித்தேன். வராது. அவள் அழுகை மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

மறுநாள் மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. என் தொட்டிகளின் பக்கங்களை நோட்டில் குறுக்கே அடித்தார். "முட்டையிலருந்து மறுபடி ஆரம்பிக்கணும். இனிமே எதையும் எடுக்காதீங்க, கூப்பிடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் அவளிடம் கேட்டேன், "உனக்கு எடுக்கணும்னு தோணலியாடி?"

"தோணாம? எங்க வீட்லயும் தறிதானே. எடுக்கலாமான்னு கேட்டேன், வேணாம்னாங்க. அவ்ளோதான்கா."

கேட்டேன் என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! அவள் படிப்புகூட என்னை அப்படி எரித்ததில்லை.

இப்போது புது முட்டைகள் பொரிந்திருக்கின்றன. முதல் கோணலை அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன்.