முகத்துவாரத்தில் மஞ்சள் புடவை

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஜெசிந்தாவைப் பற்றி விசாரித்தால், "சினிமாவுல நடிச்சுச்சே, அந்த அம்மாவா?" என்பார்கள். கோட்டைக்குப்பத்தில் அதே பெருமைக்குக் காந்தாவின் வீட்டைக் காட்டுவார்கள். இரண்டு பேருக்கும் வயது அறுபத்து மூன்று. படம் ஒன்று, காட்சி ஒன்று, அதில் வரும் பெண்ணும் ஒருத்திதான். மஞ்சள் புடவையில், தோணியில் நின்றபடி, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தைக் கடந்து போவாள். முதுகு மட்டும்தான் தெரியும். அது யார் முதுகு என்பதில்தான் நாற்பத்து நாலு வருஷமாகச் சண்டை.

மெட்ராஸிலிருந்து வந்த படக் கம்பெனியின் கதாநாயகிக்குத் தண்ணீர் என்றால் பயம். அவளுக்குப் பதிலாக நிற்க, இறால் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் இவர்கள் இருவரையும் பிடித்தார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் புடவை. ஒரு நாள் இவளை நடக்கவிட்டார்கள், மறுநாள் அவளை. கரையோரத் தோணியில் மாற்றி மாற்றி ஏற்றி நிற்கவைத்து எடுத்தார்கள். எது எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "அடுத்த படத்துக்குக் கார் அனுப்புறோம்" என்றார்கள். மெட்ராஸ் போகத் துணிமணியை மடித்து வைத்து இருவரும் காத்திருந்தார்கள். கார் வரவில்லை. வருமா பின்னே?

படம் பொன்னேரிக்கு வந்தபோது இருவரையுமே வீட்டில் அனுப்பவில்லை. பார்த்துவிட்டு வந்தவன், படக்காரர்களுக்குத் தோணி ஓட்டிய பால்ராஜ். "மொகத்துவாரத்துல மஞ்சப் பொடவ நல்லா வந்துகீது" என்று ஜெசிந்தாவிடம் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள்.

போன வாரம் யாரோ அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஜெசிந்தாவின் மகள் ஜாக்குலின் போனில் தேடி எடுத்துவிட்டாள் என்ற சேதி கேட்டதும், காந்தா ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். வந்தவளை உட்காரச் சொல்லக்கூட ஜெசிந்தாவுக்குத் தோன்றவில்லை. அது காந்தாவாக இருந்துவிட்டால், இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்துவிட்டு இனி எந்த முகத்தோடு மீன் வாங்கப் போவது? பால்ராஜ் கிழிந்த வலையை எடுத்துக்கொண்டு கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தான்.

காட்சி வந்தது. அலை எகிறும் முகத்துவாரத்தில் மஞ்சள் புடவை, கையில் கழி.

"நாந்தான்" என்றாள் காந்தா.

"போடி, நாந்தான்" என்றாள் ஜெசிந்தா. குரலில் அவ்வளவு தெம்பு இல்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் கழி குத்தித் தோணி தள்ளத் தெரியுமா?" என்று ஜாக்குலின் கேட்டாள்.

இருவருக்கும் தெரியாது. உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது ஜெசிந்தாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அது நடந்ததா, சொல்லிச் சொல்லியே வந்து ஒட்டிக்கொண்டதா என்று இப்போது அவளுக்கே குழம்பியது. திரும்பப் போடச் சொன்னாள்.

இந்த முறை, கழியை இழுத்தெடுத்த கையோடு அந்த உருவம் இடது தோளை ஒரு குலுக்குக் குலுக்கியது. ஏரியில் ஐம்பது தோணி நின்றாலும் அந்தக் குலுக்கலை வைத்துத்தான் ஜெசிந்தா தன் வீட்டுக்காரனைக் கண்டுபிடிப்பாள்.

"யோவ், பொடவ கட்டிக்கினு போனது நீயா?"

பால்ராஜ் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொம்பளைங்கள மொகத்துவாரத்துல எறக்கக்கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. விடிஞ்சும் விடியாததுமா, ஆள் வர்றதுக்கு மின்ன என்னக் கட்டச் சொன்னாங்க."

காந்தா அவன் பக்கம் திரும்பினாள். "அப்போ நாங்க ரெண்டு பேரும் எங்கண்ணே வர்றோம்?"

அவன் பதிலை ஜெசிந்தாவைப் பார்த்துத்தான் சொன்னான். "மூணு வாட்டி போய்ப் பார்த்தேம்மே. நான் எப்டி கீறேன்னுகூடப் பாக்கல, உன்னத்தான் தேடினேன். நீங்க எங்கியும் வரல. வெட்டிட்டாங்க. திரும்பி வந்தா, நீ பவுடர் போட்டுக்கினு நின்னு, 'நல்லா வந்துகீதா'னு கேக்குற. நான் இன்னான்னு சொல்றது?"

ஜெசிந்தாவுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, அழுகையும் வந்தது. இதில் காந்தா வேறு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எதைச் செய்வதென்று தெரியாமல் மகளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு, அவனை ஒட்டிப் போய் உட்கார்ந்தாள்.

"இப்போ பாரு" என்று அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நல்லாத்தான் கீற."