மூன்றாவது முதுகு

நாலு நாளாக வீட்டில் தையல் மெஷின் ஓடினால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். கடகடகட... மனைவி ரவிக்கை தைக்கிறாள், அவ்வளவுதான். என் காதில் மட்டும் அது போன சனிக்கிழமை சாயங்காலம் ஓடிய ப்ரொஜெக்டர். அதற்குள் ஒரு யுத்தம். யுத்தத்துக்குள் ஒரு தோள்.

எல்லாம் என் வாயால் வந்தது.

எங்கள் மந்தைவெளித் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலையைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை. நொச்சிக்குப்பத்துக்காரி. கூடையை இறக்கும்போதே பேச்சையும் இறக்குவாள். பாதிப் பேச்சு புருஷனைப் பற்றி. கன்னியப்பன் – பர்மாச் சண்டையில் பட்டாளத்துக்கு மூட்டை தூக்கப் போனவன். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய் இருபத்தைந்து வருஷம். கடுதாசி இல்லை, தந்தி இல்லை. சின்ன வயசிலிருந்து வலை சுமந்ததில் அவனுக்கு வலது தோள் நாலு விரற்கடை இறங்கியிருக்குமாம். நடந்தால் காற்றில் சாய்ந்த கட்டுமரமாம். நூறு தடவை கேட்டிருப்பேன்.

அவர்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு. போனவன் செத்ததைக் கண்ணால் பார்த்த ஒருத்தன் வந்து பஞ்சாயத்தில் சொன்னால்தான் தாலி இறங்கும். அதுவரை அவள் சுமங்கலி. கடலுக்காக வைத்த கட்டுப்பாடு, யுத்தத்துக்கும் ஆகிவந்தது. இப்போது மகனுக்குக் கல்யாணம். பந்தக்காலுக்கு மஞ்சள் பூசவும் மருமகளுக்கு ஆரத்தி எடுக்கவும் அஞ்சலைதான் முன்னால் நிற்பாள்... தாலி இருக்கிறவரைக்கும்.

இவ்வளவும் தெரிந்துதான் சொன்னேன் – எங்கள் ஃபிலிம் சொஸைட்டியில் பர்மாச் சண்டையை நேரிலேயே எடுத்த பழைய டாக்குமெண்டரி போடுகிறார்கள் என்று. பெருமைதான், வேறென்ன?

செதில் சுரண்டுகிற கை நின்றது. "நம்ம ஆளுங்கோ வருவாங்களா நைனா, அதுல?"

வராமலா என்றேன்.

சனிக்கிழமை, லஸ் பக்கத்து ஹாலுக்கு முகம் முழுக்க மஞ்சளும் காலணா அகலப் பொட்டுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நாற்காலி தள்ளியிருந்தவர் கைக்குட்டையை மூக்குக்கு எடுத்தார். விளக்கு அணைந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் பிணமாக வந்தால்? அவள் பார்ப்பது இருக்கட்டும் – நான் பார்த்தால்? அந்தத் தோள் எனக்கும் தெரியுமே. கண்ணால் பார்த்த சாட்சி நானாகிவிடுவேனே!

வெள்ளைக்காரர்கள் சவரம் செய்துகொண்டார்கள். டீ குடித்தார்கள். பின்னணிக் குரல் ஒவ்வொருவனுக்கும் பேர் சொன்னது, ஊர் சொன்னது. ஒரு கோவேறு கழுதைக்குக்கூடப் பேர் இருந்தது. வேறு நாளென்றால் 'எங்கே ஐயா நம் ஜனம்?' என்று எரிந்திருப்பேன். அன்றைக்கு, வரவே வேண்டாம் என்று இருட்டில் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். ஒரு ஆற்றங்கரை. கறுத்த முதுகுகள் வரிசையாக, தலையில் மூட்டையோடு. 'சப்ளை வந்து சேர்ந்தது' என்றது குரல். மூன்றாவது முதுகு... வலது பக்கம் சாய்ந்து நடந்தது.

என் மணிக்கட்டில் ஐந்து விரல்கள் இறங்கின. ஐஸ்.

ஒரு வெடி. மண்ணும் புகையும். புகை விலகினபோது வரிசையில் ஒரு ஆள் அகல இடைவெளி. உடனே வேறு காட்சி – ஒரு ஆபீஸர் சிகரெட் பற்றவைக்கிறார். அவருக்குப் பேர் உண்டு. ஆற்றங்கரைக்குப் படம் திரும்பவே இல்லை.

வாசலில் செக்ரெட்டரி பிடித்துக்கொண்டார். ஒருத்தரையும் விடாமல் எடுத்திருக்கிறான் என்று பூரித்தார். நம்மவர்கள் எங்கே என்றேன். "இருந்தாளே சார், அந்தக் கழுதைக்கு அப்புறமா வந்தாளே!" என்றார். சிரிப்பு வேறு.

கச்சேரி ரோடு வரைக்கும் அஞ்சலை எனக்கு இரண்டு அடி முன்னாலேயே நடந்தாள். என்ன கேட்கப்போகிறாள்? நாளைக்குப் பஞ்சாயத்து கூப்பிட்டால் என்ன சொல்வேன்? அந்த கேமராக்காரன் நாலு அடி முன்னால் ஓடிப்போய் முகத்தை எடுத்திருக்கலாம். அவன் எடுக்காததற்குக் கோபப்படுவதா, கும்பிடுவதா... இன்னும் எனக்குத் தெரியவில்லை.

முனையில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"மூஞ்சிய காட்னானா, நைனா?"

"இல்லை. முதுகுதான்."

"நீ பாத்தது முதுகு. அவ்ளோதான?"

"அவ்வளவுதான்."

தாலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வர்ற வெள்ளிக்கெயம பந்தக்காலு. வந்துடு."