இருபதில் ஆண் எத்தனை

என் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். இருபத்தாறு வருஷத்தில் நாலாயிரம் பேரைச் சாலைக்கு அனுப்பியவர். அதில் ஒருத்தர்கூடப் பெண் இல்லை. கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் மரியாதையாகத்தான் பேசுவார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "டிரைவிங்னா ரத்தத்துலயே வரணும்மா. லேடீஸ் ரத்தத்துல அது கிடையாது, நான் என்ன பண்றது?" என்று வருத்தத்தோடு திருப்பி அனுப்புவார். அந்த வருத்தம் நடிப்பு இல்லை என்பதுதான் கொடுமை.

நான் அவருடைய தம்பி. அதே ஸ்கூலில் விண்ணப்பம் நிரப்புவது, போட்டோ ஒட்டுவது, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என் வேலை. முதல் இரண்டிலும் சில சமயம் தப்பு நடக்கும். மூன்றாவதில் நடந்ததே இல்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒருத்தி, எனக்கு அக்கா, அண்ணனுக்குத் தங்கச்சி. ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், எனக்கு ஓட்டக் கற்றுக்கொடு என்று அண்ணனிடம் வந்து கேட்டாள். அண்ணன் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு நேரே அடுத்த தெருப் போட்டி ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். லைசென்ஸ் டெஸ்ட் அன்று மைதானத்தில் அண்ணனிடம் கற்ற ஆண்கள் மூன்று பேர் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் கம்பத்தைச் சாய்த்தார்கள். அக்கா முதல் தடவையிலேயே பாஸ். அன்றோடு அண்ணன் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். பத்து வருஷம். அவள் வேன் எங்கள் தெருவில் வந்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அவசரத்தில் தலைகீழாகத் தூக்கியதையும் பார்த்திருக்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் காலில் நீலம் நீலமாகக் கன்றிப்போயிற்று. கிளச் இடித்தது என்றார். ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் சரியில்லை என்றார். ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது படிக்கட்டைக் கட்டியவனைத் திட்டினார். கடைசியில் பயிற்சிக் காருக்குள்ளேயே மயங்கிச் சாய்ந்தார். ஓட்டப் பழகிக்கொண்டிருந்த வங்கி ஊழியர் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒழுங்காக பிரேக் போட்டார்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய். டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக நின்றன. ஏழாம் நம்பரில் மட்டும் ஒன்றுதான் இருந்தது.

"எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி இல்லையே டாக்டர்" என்றார் அண்ணன்.

"பரம்பரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல மாஸ்டர். நீங்க பொறக்கும்போது ரெண்டும் இருந்திருக்கும். மஜ்ஜையில ஒரு செல் ரெண்டா பிரியும்போது ஒண்ணைத் தவறவிட்டுடுச்சு. அதுலேர்ந்து பெருகின எல்லாமே அந்தக் குறையோடதான் வருது."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "ஜோடியில ஒண்ணு போனா என்ன? இன்னொண்ணு ஸ்பேரா இருக்குல்ல?"

"இதுல ஸ்பேர்னு எதுவும் கிடையாது. ரெண்டும் ஓடணும்."

ஏழு காணாமல் போனவர்களுக்கு வெறும் மருந்து போதாதாம். மருந்தால் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, கூடப் பிறந்த ஒருவருடையதை ஏற்ற வேண்டுமாம். எனக்கும் அக்காவுக்கும் பரிசோதனை நடந்தது. நான் பாதி பொருந்தினேன். அக்கா முழுசாகப் பொருந்தினாள்.

"அவகிட்ட நான் கேக்க மாட்டேன்" என்றார் அண்ணன். வழக்கமாக அவர் எந்த 'மாட்டேன்'க்கு முன்னாலும் 'செத்தாலும்' சேர்ப்பவர். அந்த வாரம் சேர்க்கவில்லை.

நான்தான் போய்க் கேட்டேன். அக்கா வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எத்தனை மணிக்கு வரணும்? எட்டரைக்குள்ள புள்ளைங்கள எறக்கி விட்டுடுவேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. மஜ்ஜை செல்களை ரத்தத்துக்குள் இறக்க ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டாள். எலும்பெல்லாம் வலி என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பிறகு நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்தாள். அதில் எடுத்தது ஒரு பையில் அண்ணனின் அறைக்குப் போயிற்று. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி ஏற்றிக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பையைத் திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனோம். அண்ணன் அதைப் படித்துவிட்டு நேரே கவுன்ட்டருக்குப் போனார்.

"ஏம்மா, யாரோ ஒரு பொம்பளையோட ரிப்போர்ட்டைக் குடுத்திருக்கீங்க. பாத்த செல் இருபது, இருபதும் பெண்ணுனு போட்டிருக்கு. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். மருந்தில் கொட்டிப்போன மீசை அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. கவுன்ட்டர் பெண் பெயரையும் நம்பரையும் சரிபார்த்தாள். "உங்களோடதுதான் சார்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "முன்னாடியே சொன்னேனே, நீங்களும் தலையாட்டினீங்களே! ஆணுக்கு எக்ஸ் ஒய், பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ். உங்க உடம்புல ஓடறது இப்போ முழுக்க உங்க தங்கச்சி ரத்தம். இதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது மாஸ்டர். இதுல ஒரு ஆண் தலை காட்டினாத்தான் நாம பயப்படணும்."

வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணன், "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே" என்றார். நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். அக்கா வேனை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தாள்.

அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனை. ரிப்போர்ட்டை நான் பிரிப்பதற்குள், "எல்லாம் லேடீஸ்தானே?" என்பார். ஆமாம் என்றால்தான் மூச்சு விடுவார். ஸ்கூலில் மட்டும் நாற்காலியும் தண்ணீரும் வருத்தமும் பழையபடியே நடந்தன. லேடீஸ் ரத்தத்தை வைத்துக்கொண்டு கார் ஓட்டுகிறவரே அதைச் சொல்லும்போது, நான் விண்ணப்பத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

நாலாவது ரிப்போர்ட்டில் பதினேழு பெண், மூன்று ஆண். அந்த மூன்றிலும் ஏழாம் நம்பர் ஜோடியில் ஒன்று இல்லை.

பழைய நோய் திரும்புகிறது என்றார் டாக்டரம்மா. தங்கச்சியின் வெள்ளை அணுக்களை இன்னொரு தடவை எடுத்து ஏற்றினால் அவை இந்த மூன்றையும் விரட்டப் பார்க்கும். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தாமதிக்கக் கூடாது. வெளியே வந்ததும் அண்ணன் வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"நான் கேக்க மாட்டேன்" என்றேன். அவரிடம் என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. இந்த மனிதர் வீம்பிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தப் பாவம் என் தலையில்தான் விடியும்.

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மதியம், "காரை எடு" என்றார். பள்ளிக்கூட வாசலில் அக்கா வேனுக்குள் உட்கார்ந்து மணி அடிக்கக் காத்திருந்தாள். அண்ணன் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பத்து வருஷத்துக்குப் பிறகு தங்கச்சியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இது:

"பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு."

"தெரியும். போறப்ப அடிச்சுக்குவேன்."

அண்ணன் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு ஆம்பளை வந்துட்டானுங்க."

"தம்பி சொன்னான்."

"டாக்டர் உன்னைத் திரும்பவும் கேக்கறாங்க."

"டாக்டரா கேக்கறாங்க?" என்றாள் அக்கா.

அண்ணன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா. நான்தான் கேக்கறேன். அன்னிக்கு நீ கேட்டப்ப நான் முடியாதுன்னேன். எனக்குப் பயமா இருக்கும்மா."

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து வேனில் ஏறினார்கள். அக்கா சாவியைத் திருகிக்கொண்டே, "நாளைக்கு எட்டரைக்கு மேல வரேன். இப்ப தள்ளி நில்லு, வண்டி எடுக்கணும்" என்றாள். அண்ணன் உடனே தள்ளி நின்றார்.

ஏற்றி இரண்டு மாதம் காய்ச்சலும் தோல் அரிப்புமாக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அடுத்த ரிப்போர்ட்டைப் பிரிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. உறையோடு என்னிடம் நீட்டினார்.

"ஆம்பளை எத்தனை?"

"ஒருத்தனும் இல்லண்ணா."

அத்தனை பேர் நின்ற கவுன்ட்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன் வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. பிறகு அவரே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"இருபதும் நீதாம்மா. ரத்தம் பூரா நீதான் இருக்கே."

அந்தப் பக்கம் வேன் இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள் அக்கா. "எனக்குப் பசிக்கும்."