அக்கா நிரப்பாமல் விட்ட முகம்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. முதலாண்டு திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவோடு கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தவள் நான் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ராயபுரத்தில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். அம்மா காசிமேட்டில் மீன் விற்றார். அம்மாவுக்கு மூட்டுவலி வந்ததும் கூடையை நான் எடுத்துக்கொண்டேன், அக்கா படித்தார். அதில் எனக்கு ஒரு நாளும் மனக்குறை இருந்ததில்லை, ஏனென்றால் படித்ததையெல்லாம் சாப்பிடும்போது எனக்குச் சொல்லிவிடுவார். நூலகப் படிப்பு முடித்து, நகரத்தில் பழைய ஆவணங்கள் வைக்கும் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "கட்டு அவுக்கவே நேரம் சரியா கீது, இதுல தாலிக்கட்டு வேறயா?" என்பார். கட்டு என்றால் காகிதக் கட்டு. ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் கேட்கும் கட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி, அவர்கள் மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டுவதுதான் அக்காவின் வேலை.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் துறைமுகத் தொழிலாளர்களின் பழைய படிப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பீரோ நிறையப் பழைய போட்டோ, துண்டு நோட்டீஸ், கூட்டக் குறிப்பு. பல வருஷமாகப் பூட்டியே கிடந்தது. சங்கத்துப் பெரியவர், "அதெல்லாம் பத்திரமா கீதும்மா, நீ ஏன் கிண்டுற?" என்றார்.

"பூட்டி வெச்சிகினு பத்திரம்னா, யாருக்குண்ணே பத்திரம்? கரையானுக்கா?" என்று அக்கா சிரித்தார். பெரியவரும் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படியே உட்கார்ந்து தூசி துடைப்பேன். ஒரு நாள் அக்கா பெரிய அட்டைப் படம் ஒன்றை வெளியே எடுத்தார். சங்கத்து ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம். பாதிப் பேருக்குத் தலை இல்லை. அந்த இடமெல்லாம் ஓட்டை.

"இன்னாக்கா இது, எலி கடிச்சிடுச்சா?"

"எலி இல்லடி, கத்திரிக்கோலு. தலையெல்லாம் அவங்கவங்க வூட்டுக்குப் போய்கீது."

இது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்ச் சொந்தங்களுக்காக எழுதுகிறேன். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டதில்லை. சங்கம் எடுக்கும் கூட்டப் படம் ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த முகம். ஒருவர் இறந்துவிட்டால் போஸ்டர் அடிக்க, மாலை போட்டு வைக்கப் படம் வேண்டுமே. பிள்ளைகள் படிப்பகத்துக்கு ஓடி வருவார்கள், பெரியவர் கத்திரிக்கோலை எடுத்து நீட்டுவார். ஒருவரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

அக்காவும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு காகிதத்துக்கும் பென்சிலால் எண் போட்டார். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று தமிழில், யாரும் படிக்கிற மாதிரி விவரம் எழுதி வைத்தார். அசல் வெளியே போகக் கூடாது, யார் கேட்டாலும் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும், கேட்கிறவர் பேராசிரியரா மீன்காரியா என்று பார்க்கக் கூடாது என்று விதி வைத்தார். கயல்விழி என்ற ஆராய்ச்சி மாணவி துறைமுக வேலைநிறுத்தங்களைப் பற்றிப் படிக்க வந்து, அப்படியே அக்காவுக்குத் துணையாகத் தங்கிவிட்டாள்.

பிறகுதான் தலைகளைத் தேடிப் போனோம். காசிமேடு, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு என்று ஷேர் ஆட்டோவில் அலைந்தோம். சுவரில் விளக்குப் போட்டு மாட்டியிருக்கும் படத்தை வெளியே கொடு என்று எப்படிக் கேட்பது? அதனால் நகல் எடுக்கும் பெட்டியை அக்கா வீட்டுக்கே கொண்டுபோனார். அதைத் தூக்குவது என் வேலை. பேசுவது எனக்கு வராது, பின்னால் நின்றுகொள்வேன். அப்படிப் போன ஒரு வீட்டில் பிலோமினா அம்மா தன் கணவர் படத்துக்கு முன்னால் கைகட்டி நின்று, "யோவ், கொஞ்சம் எறங்கி வாய்யா. உன்ன போட்டோ புடிக்க வந்துகிறாங்க. உயிரோட இருந்தப்ப ஒருத்தனும் வரல, இப்ப உனக்கு வந்த வாழ்வப் பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் இறக்கினார்கள். எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கயல்விழி கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முகத்தையும் அதனதன் இடத்தில் பொருத்தினாள். ஓட்டையோடு இருக்கும் அசலை அப்படியே வைக்க வேண்டும், நிரப்பியது தனி நகலாக இருக்க வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசியில் ஒரே ஒரு முகம் பாக்கி இருந்தது. கொருக்குப்பேட்டையில் இருக்கும் செபாஸ்டியானின் அப்பா முகம்.

அந்தப் படம் எடுத்ததற்குப் பிறகு ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அந்தச் சமயத்தில் அவர் வேலைக்குப் போய்விட்டார் என்று, அவர் பேரைப் போட்டுக் கருங்காலி என்று ஒரு நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அந்த நோட்டீஸும் பீரோவில் இருந்தது. செபாஸ்டியான் எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் படத்தில் கை வைக்க விடவில்லை.

"எங்க நைனாவ இப்ப கொண்டாந்து கூட்டத்துல நிக்க வெக்கப் போறீங்களாக்கா? அன்னிக்கு நிக்க வுட்டாங்களா? ஒரு பீடி குடுத்தானா எவனாவது? நாளைக்குப் படிச்சவங்க வந்து, இவன்தான் அந்த ஆளுன்னு எழுதுவாங்க. வேணாம்."

"சரிப்பா" என்று டீயைக் குடித்துவிட்டு அக்கா எழுந்துவிட்டார்.

வழியில் கயல்விழி, "வேற எங்கயாவது அவர் போட்டோ கிடைக்கும் மேடம், நான் தேடறேன்" என்றாள்.

"நம்ம வேலை காட்டறதும்மா, புடுங்கறது இல்ல" என்றார் அக்கா.

அந்த இடத்தை நிரப்பவில்லை. அதன் கீழே, "இவர் முகம் குடும்பத்தாரிடம் இருக்கிறது. அவர்கள் விரும்பும்போது சேர்க்கப்படும்" என்று எழுதிவைத்தார். ஆனால் அந்த நோட்டீஸ் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. "அத்த ஒளிச்சி வெச்சா நான் லைப்ரரியனே இல்லடி. ஆனா அது மட்டும் தனியா கெடந்தா, அந்த மனுசனுக்காகப் பேச ஒரு காயிதம்கூட இல்லியே" என்பார். இன்னொரு முறை கொருக்குப்பேட்டைக்குப் போனார், கதவு திறக்கவில்லை. அதற்குள் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸ் படுக்கையிலும் கயல்விழியிடம், "செபாஸ்டியான் வந்தானா?" என்று கேட்பார். அவர் வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

அடக்கத்தன்று செபாஸ்டியான் தெருமுனையில் நின்றிருந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் என்னிடம் வந்தார். "அக்கா எங்க நைனாவப் பத்தி இன்னா எழுதி வெச்சிகீது?" என்றார். வாயேன் என்று படிப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கயல்விழி படத்தை மேசையில் வைத்தாள். எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"அவ்ளோதானா? வேற ஒண்ணியும் எழுதலியா?"

"அவ்ளோதான்பா."

பிறகு நோட்டீஸைக் கேட்டார். யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் விதி. கயல்விழி தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். அவரே படித்தார். படித்து முடித்து நோட்டீஸை மேசையில் வைத்தார்.

"அன்னிக்கு எங்கம்மா ஆஸ்பத்திரில. வவுத்துல கொயந்த செத்துப்போச்சி, அம்மாவாவது பொயைக்கணும்னா துட்டு வேணும். எங்க நைனா சங்கத்தாண்ட போய்ச் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போச்சி. அத்த எவனும் அச்சடிக்கல."

"அண்ணே, இதையே இன்னொரு தடவ சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறேன்" என்றாள் கயல்விழி. அவர் சொன்னார். மறுநாள் சுவரில் இருந்த படத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். நகல் எடுத்து முடியும்வரை படத்தைக் கழற்றிய வெறும் சட்டத்தை மடியிலேயே வைத்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று வேகமாகக் கிளம்பிவிட்டார்.

இப்போது யார் வந்து அந்த நோட்டீஸைக் கேட்டாலும், அந்தப் பேச்சையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே உறையில் இருக்கின்றன.

அக்காவை நோயில் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், நர்ஸ் பிள்ளைகள், ஜெபித்த பங்குத் தந்தை, சவப்பெட்டி தூக்கிய தெருப் பிள்ளைகள், மகளைப் போல நின்ற கயல்விழி எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அக்கா இருந்தால் வேறு சிலருக்கும் சொல்லியிருப்பார், அதை நான் சொல்கிறேன். எங்களை நம்பிச் சுவரில் இருந்த படத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு, அது மறுபடி சுவரில் ஏறும்வரை வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒவ்வொருவருக்கும் நன்றி.