மணப்பாட்டில் ஊறிய பிராந்தி

என் தோழி சுதா கனடாவிலிருந்து கடைசியாக வந்தபோது ஒரு பாட்டில் பிராந்தி தந்தாள். சின்ன வடிசாலை ஒன்றில், ஓக் பீப்பாயில் எட்டு வருடம் ஊறியது. லேபிளில் பீப்பாய் எண்ணைக் கையால் எழுதியிருந்தார்கள்: 41. "அடுத்த தடவை மணப்பாட்டுக்குப் போய் கடலைப் பார்த்துக்கிட்டே திறப்போம்" என்றாள். ஆறு வருடங்கள் போயின. இந்த நவம்பரிலும் "ஸாரிடி" என்று செய்தி வந்தது. இருவருக்குமாக அறை சொல்லியிருந்தேன். தனியாகவே போய்த் திறப்பதென்று கிளம்பினேன். திறந்துவிட்டால் அவளுக்காகக் காத்திருப்பதும் முடிந்துவிடும். தெரிந்துதான் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து ரயில் தூத்துக்குடி சேரும்போது காலை ஆறரை. அங்கிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், உப்பளங்கள் வரும். பிறகு மணப்பாடு பதினெட்டு கிலோமீட்டர். பஸ் உண்டு. கையில் பாட்டில் இருந்ததால் நான் ஆட்டோ பிடித்தேன், நானூறு ரூபாய்.

"ஒத்தையிலயா வாரீய?" என்றார் ஓட்டுநர்.

"ஆமா அண்ணாச்சி."

"ரெண்டு பேருன்னாலும் இதே நானூறுதான். ஒரு ஆளு உங்களுக்கு நட்டம்லா."

ரெஜினா அக்கா வீட்டு மாடியறை நாளுக்கு 1,200 ரூபாய், மீன் குழம்போடு. அவர் கணவருக்குக் கப்பலில் வேலை. நான் போனபோது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "இன்னொரு மேடம் பின்னால வாராவளா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, "ஊறின பிராந்திக்கா, வெயில் படாம வைங்க" என்று பாட்டிலைக் கொடுத்தேன். பிறகு குன்றின் மேலிருக்கும் சிலுவைக் கோயிலுக்கு ஏறினேன். பத்து நிமிட நடைதான். படம் எடுத்துத் தரட்டுமா என்று ஒரு குடும்பம் கேட்டது. வேண்டாம் என்றேன்.

பகல் முழுக்கக் கடற்கரையில் சுற்றிவிட்டு நான்கரைக்குத் திரும்பினால், அடுக்களை மேடையில் பெரிய கண்ணாடி ஜாடி. உள்ளே ஒன்றரைக் கிலோ உலர்திராட்சை. பக்கத்தில் என் பாட்டில், அடியில் நான்கு விரல் அளவோடு.

"நீங்க சொன்ன மாதிரியே ஊறப் போட்டுட்டேன் மேடம். கிறிஸ்மஸுக்குச் சரியா இருக்கும். வாசம் பாத்தியளா!"

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ மாதாவே! குடிக்கவா கொண்டாந்திய? இங்கன பொம்பளைய பிராந்தி கொண்டாந்தா கேக்குக்குத்தானே! திராட்சையப் பிழிஞ்சு தரட்டா?"

சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"ஏளா, ஒரு பாட்டிலுக்கா அழுவாவ?" என்றார். 'மேடம்' என்ற விளிப்பு போய்விட்டிருந்தது.

"பாட்டிலுக்கு இல்லக்கா."

மிச்சத்தை மாடிக்கு எடுத்துப்போனேன். முதன்முறை குடிப்பவர்களுக்கு: ஐஸ் வேண்டாம், சோடா வேண்டவே வேண்டாம். வாய் குறுகிய கண்ணாடி டம்ளர் போதும். இரண்டு விரல் ஊற்றி, உள்ளங்கைச் சூட்டில் பத்து நிமிடம் வைத்திருங்கள். மூக்கை டம்ளருக்குள் நுழைக்காமல் சற்றுத் தள்ளி முகருங்கள். முதலில் கருகிய சர்க்கரை, பிறகு நனைந்த மரம், கடைசியில் காய்ந்த ஆரஞ்சுத் தோல். ஒரு மிடறை நாக்கில் நிறுத்தி விழுங்குங்கள். காரமாக இருந்தால் நான்கு சொட்டுத் தண்ணீர். அவசரம் கூடாது. பேச ஆளில்லாதபோது அவசரப்படுவது எளிது. முதல் டம்ளரை நான் ஐந்தே நிமிடத்தில் முடித்தேன். இரண்டாவதற்குள் கடல் கறுத்துவிட்டது.

சுதாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "பாட்டிலைத் திறந்தாச்சு."

"யாரோட?" என்று கேட்டிருந்தாள்.

"ஒன்றரைக் கிலோ திராட்சையோட."

அதற்குப் பதில் வரவில்லை. அங்கே காலை நேரம், வேலைக்குக் கிளம்பியிருப்பாள்.

போகிறவர்களுக்கு: நவம்பரில் மழை வரும், குடை தேவை. கடற்கரையில் குடிக்காதீர்கள், அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் பாட்டிலைக் கொடுத்தால் அது குடிப்பதற்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஊறியது, ஊறப்போடுவது என்ற பேச்சே வேண்டாம்.

கிளம்பும்போது டிசம்பர் இருபத்து நான்குக்கு அறை சொன்னேன். என் பிராந்தி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டாமா? ரெஜினா அக்கா நோட்டை விரித்து, "எத்தன பேருன்னு போட?" என்றார்.

ஆறு வருடமாக அந்தக் கேள்விக்கு நான் யோசித்ததே இல்லை, இரண்டு என்றுதான் பதில்.

"ஒண்ணுன்னு போடுங்கக்கா" என்றேன்.